கழுத்து வளைவு முதல் கட்டண வகுப்பு வரை: தோட்டப்புறத் தையல்காரருக்கான காணொளிக் கையேடு

தைத்த பிளவுஸைப் பொம்மைக்கு மாட்டிப் படம் எடுத்து, கீழே 'விலைக்கு பி.எம். தெப்பி' (விலையைத் தனிச்செய்தியில் கேளுங்கள்) என்று போட்ட பதிவுகள் முகநூலில் மலிந்து கிடக்கின்றன. பார்ப்பவருக்கு நிறம் தெரிகிறது, மணி வேலை தெரிகிறது. தைத்தவரின் கை எப்படி என்பது மட்டும் தெரிவதில்லை. துணி கொடுக்கிற பெண்ணின் பயமோ அந்தக் கையைப் பற்றியதுதான். புடவையோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். தப்பாக வெட்டிவிட்டால் அதே துணியை வேறெங்கும் வாங்க முடியாது. அந்தப் பயத்தைப் போக்க வேலை நடக்கும்போது எடுத்த காணொளியைவிட நல்ல விளம்பரம் இல்லை. 'எனக்கும் சொல்லித் தர்றீங்களா அக்கா?' என்று கேட்டு மாணவிகளைக் கூட்டி வருவதும் அதே காணொளிதான். ஆகவே விற்க ஒன்று, கற்றுத்தர ஒன்று என்று இரண்டு வேலை பார்க்க வேண்டாம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும், நல்ல துணி வேண்டுமென்றால் ஈப்போ லிட்டில் இந்தியா, தகரக் கூரை வீடு, ஒரு கைப்பேசி, ஒரு தையல் மிஷின். இவை போதும்.

முதலில் எடுக்க வேண்டிய ஒரு காணொளி

'ஐந்து டிசைன்', 'பத்து மாடல்' என்று தொடங்காதீர்கள். ஒரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தைத்துப் பழகும் எல்லாரையும் படுத்துவது கழுத்து வளைவு சுருங்குவது. அதை 40 விநாடியில் இப்படிக் காட்டலாம்.

முதல் 3 விநாடி: சுருங்கி நிற்கும் கழுத்து மட்டும், திரை நிறைய. விரலால் நீவியும் படியவில்லை. எழுத்து: 'கழுத்து ஏன் சுருங்குது?' வணக்கம், பெயர், கடை முகவரி எதுவும் இங்கே வேண்டாம். அதற்குள் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்.

அடுத்த 9 விநாடி: ஒரே துணியில் வெட்டிய இரண்டு பட்டி. ஒன்று இழைக்கு நேராக வெட்டியது, மற்றது 45 பாகை கிராஸில் வெட்டியது. இரண்டையும் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டுங்கள். நேர்ப் பட்டி நீளாது. கிராஸ் பட்டி நீளும், வளைவோடு வளையும். காரணம் முழுவதும் இந்த ஒரு இழுப்பில் புரிந்துவிடும். பேச்சே வேண்டாம்.

12 முதல் 25 விநாடி வரை: 1¼ அங்குல அகலக் கிராஸ் பட்டியை வளைவில் வைத்து, கால் அங்குலம் உள்ளே தையல். பட்டியை அளவுக்கு மேல் இழுத்துத் தைத்தால் கழுத்து சுருங்கும், தொளதொளவென்று விட்டால் விளிம்பு எழும்பி நிற்கும். இதை மட்டும் வாயால் சொல்லுங்கள்.

25 முதல் 34 வரை: தையலுக்கு வெளியே இருக்கும் விளிம்பில் அரை அங்குலத்துக்கு ஒரு சின்ன வெட்டு. கத்தரி முனை தையலுக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்க வேண்டும். கேமரா இங்கே மிக நெருக்கமாக வரட்டும். முழுக் காணொளியிலும் முக்கியமான இடம் இதுதான். இந்த வெட்டு இல்லாவிட்டால் பட்டியை உள்பக்கம் திருப்பும்போது துணி இழுத்துக்கொள்ளும்.

கடைசி 6 விநாடி: அயர்ன் செய்து படிந்த கழுத்து. உங்கள் பெயர், ஊர், 'வகுப்புக்கு வாட்ஸ்அப்'.

இதையெல்லாம் இலவசமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வகுப்புக்கு யார் வருவார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். பயப்பட வேண்டாம். ஒரு பிழையைச் சரிசெய்யக் கற்றவருக்கு அடுத்த பிழை கண்ணில் படும். அளவு எடுப்பது, பேப்பர் கட்டிங், டக் (உடல் வடிவுக்குப் பிடிக்கும் தையல் மடிப்பு) பிடிப்பது, கை ஏற்றுவது என்று தொடர்ச்சியாகக் கற்க ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்த வேண்டும். பணம் அதற்குத்தான். பிழை ஒன்று, தீர்வு ஒன்று: இலவசம். முழு பிளவுஸ், கூடவே உங்கள் திருத்தம்: கட்டணம். இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொண்டால் கைவசம் இருப்பதை ஒளித்துவைத்துப் பேச வேண்டியதில்லை.

மேசை, வெளிச்சம், கேமரா

கற்றுத்தரும் காணொளியில் கறுப்புத் துணியும் கறுப்பு நூலும் ஆகவே ஆகாது. வெள்ளை அல்லது சந்தன நிறக் காட்டன், அதில் சிவப்பு நூல். தையல் எங்கே ஓடுகிறது என்பது கைப்பேசித் திரையில் அப்போதுதான் தெரியும். மேசைமேல் பழுப்புப் பேப்பர் விரியுங்கள். வெள்ளை விரிப்புப் போட்டால் கேமரா 'வெளிச்சம் அதிகம்' என்று எடுத்துக்கொண்டு உங்கள் கையை இருட்டாக்கிவிடும்.

மேலிருந்து எடுக்கக் கைப்பேசி மேசைக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கை நீண்ட கிளிப் ஸ்டாண்டைப் பக்கத்து அலமாரியில் மாட்டுங்கள். மிஷின் இருக்கும் மேசையில் மாட்டினால் மோட்டார் அதிர்வில் படம் முழுக்க நடுங்கும். கேமராவில் 0.5 என்று காட்டும் அகன்ற லென்ஸ் வேண்டாம், அது விளிம்பை வளைத்து நேர்கோட்டையும் கோணலாகக் காட்டும். 1 லென்ஸில் எடுங்கள்.

கேமராவை உங்களுக்கு எதிரே வைக்காதீர்கள். எதிரே வைத்தால் மாணவிக்கு உங்கள் வலக்கை இடப்பக்கம் தெரியும், வலப் பாகமும் இடப் பாகமும் குழம்பும். முன்பாகம் வெட்டும் பாடத்தில் இந்தக் குழப்பத்தால் ஒரே பக்கத்துக்கு இரண்டு துண்டு வெட்டிவிடுவார்கள், துணி வீண். கேமரா உங்கள் தோளுக்கு மேலிருந்து, நீங்கள் பார்க்கிற பக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மலிவான எல்இடி பல்பு விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, காணொளியில் மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புப் பட்டையாகத் தெரியும். கேமராவில் 'புரோ' முறை இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டுங்கள். இல்லையென்றால் விளக்கை அணைத்துவிட்டு வாசல் பக்கம் போங்கள். காலை 9 முதல் 10.30 வரை வாசல் நிழலில் விழும் வெளிச்சத்துக்கு ஈடு எந்த ரிங் லைட்டும் இல்லை. நடுப்பகலில் வெயில் உச்சியிலிருந்து இறங்கும். துணியின் மடிப்பெல்லாம் கறுத்துவிடும்.

எடுக்கத் தொடங்குமுன் திரையில் துணிமேல் விரலை அழுத்திப் பிடித்து, ஃபோகசையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கை குறுக்கே வரும் ஒவ்வொரு முறையும் படம் மங்கித் தெளியும். மேல்காற்றாடியையும் நிறுத்துங்கள். விளக்கு அதற்கு மேலே இருந்தால் இறக்கையின் நிழல் மேசையில் துடிக்கும், பேப்பரும் பறக்கும்.

பட்டுக்கு நேர் வெளிச்சம் பகை. விளக்கு பக்கவாட்டில், துணியை லேசாகத் தடவிப்போகிற மாதிரி இருந்தால் ஜரிகை எழும்பித் தெரியும். நேராக அடித்தால் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

விற்பனைப் படத்தில் வரும் சண்டையில் பாதி நிறத்தைப் பற்றியது. அரக்கு, கத்தரிப்பூ, மயில் பச்சை மூன்றும் கைப்பேசியில் அடிக்கடி ஏமாற்றும். துணியின் ஓரத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்து எடுங்கள். பிறகு திருத்தும்போது தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நிற வெப்பத்தை (மஞ்சள், நீலச் சாயலை) சரிசெய்தால் துணி நிறமும் உண்மைக்கு வந்துவிடும். அதன் பிறகு தாளை வெட்டி எடுத்துவிடலாம். அழகு ஃபில்டர் ஒன்றும் போடாதீர்கள்.

ஒலியும் எழுத்தும்

பிற்பகல் மழை தகரத்தில் இறங்கினால் எந்த மைக்கும் காப்பாற்றாது. காட்சியை எப்போது வேண்டுமானாலும் எடுங்கள். குரலை இரவில், துணி நிறைந்த அலமாரிக் கதவைத் திறந்து வைத்து அதைப் பார்த்தபடி பேசித் தனியாகப் பதியுங்கள். தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். கத்தரி வெட்டும் சத்தத்தை மட்டும் காட்சியிலிருந்து எடுத்து மெல்லச் சேருங்கள், கேட்கச் சுகமாக இருக்கும்.

பேச்சு நம் வீட்டுத் தமிழாகவே இருக்கட்டும். 'கைக்குழி', 'டக்', 'கிராஸ் பட்டி', 'ஹூக் பட்டி' என்று புழக்கத்தில் உள்ள சொல்லையே சொல்லுங்கள். தானாக வரும் எழுத்துவரி நம் ஊர்ப் பேச்சைத் தாறுமாறாகப் போடும், மலாய்ச் சொல் கலந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு வரியையும் கையால் திருத்துங்கள். கீழ் வரியில் மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால், பாஜு குரோங் (மலாய்ப் பெண்களின் உடை) அளவு குறைக்க ஆள் தேடும் பக்கத்துத் தாமான்காரரும் (குடியிருப்புக்காரரும்) வருவார்.

சில செயலிகளில் 'கொ', 'கை' போன்றவற்றின் கொம்பு இடம் மாறி விழும்.  ஆகவே ஏற்றுமதி செய்தபின் ஒருமுறை கைப்பேசியில் போட்டுப் படித்துவிடுங்கள். தையல் கற்றுத்தருபவரின் எழுத்து உடைந்து நிற்பது நன்றாக இராது. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொல் போதும். திரையின் கீழ்க் கால்பகுதியிலும் வலது ஓரத்திலும் எழுத்து வைக்காதீர்கள். டிக்டாக்கிலும் ரீல்ஸிலும் பொத்தான்கள் அங்கேதான் வந்து உட்காரும்.

அளவு 1080×1920, நிமிர்ந்த வாக்கில். ஒரு நிமிடக் காணொளி கைப்பேசியில் சுமார் 60 முதல் 130 எம்.பி. பிடிக்கும். தோட்டத்தில் செம்பனைக்குள் அலைவரிசை ஒரு கோடு, இரண்டு கோடு என்றிருந்தால் பகலில் ஏற்றிப் போராடாதீர்கள். இரவு 11 மணிக்கு மேல் ஏற்றி, வெளியிடும் நேரத்தை மறுநாளுக்குக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எச்டி தேர்வை அழுத்துங்கள், அல்லது ஆவணமாக அனுப்புங்கள். இல்லையென்றால் அது காணொளியைச் சுருக்கி, நூலே தெரியாமல் ஆக்கிவிடும்.

பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வணிகக் கணக்கு வைத்திருந்தால் இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் வணிகத்துக்கு அனுமதித்த இசையை மட்டுமே தரும். தனிக் கணக்கில் சினிமாப் பாட்டுப் போட்டு வியாபாரம் செய்தால் ஒலி அணைக்கப்படலாம், நாள் முழுக்கப் பட்ட பாடு ஊமையாகிவிடும். உங்கள் குரலும் மிஷின் சத்தமும் போதும்.

எங்கே, எப்போது

அதே 40 விநாடிக் காணொளி டிக்டாக், ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் மூன்றுக்கும் போகலாம். ஒன்றின் முத்திரை பதிந்த கோப்பை இன்னொன்றில் ஏற்றாதீர்கள். மூலக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் ஆர்டருக்கு முகநூல்தான் முதல் இடம். 'சுங்கை சிப்புட்', 'லிந்தாங்', 'கோலகங்சார்' என்று ஊர்ப் பெயரைத் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். வகுப்பு மாணவிகள் ஜொகூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வருவார்கள், அவர்களுக்கு யூடியூப்பின் நீளமான பாடம் வேண்டும். அந்தப் பாடத்தின் விளக்கத்தில் நேரக் குறிகளை எழுதினால் அத்தியாயமாகப் பிரியும். முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறி, ஒவ்வொன்றும் 10 விநாடிக்குக் குறையாமல். 'கை ஏற்றுவது' எங்கே என்று தேடும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

நேரம்: ராத்திரி 8.30-க்குப் பிறகு. வேலை முடிந்து, சமைத்து, பிள்ளைகளைப் படிக்க உட்கார வைத்தபின் கைப்பேசியை எடுக்கும் நேரம் அது. மாதத்தில் சம்பளம் கைக்கு வரும் 7-ஆம் தேதியை ஒட்டிய நாள்களில் ஆர்டர் பதிவு, மற்ற நாள்களில் கற்பிக்கும் பதிவு.

ஆண்டுக் கணக்கைத் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 2026-இல் தீபாவளி நவம்பர் 8. ஆர்டர் மூன்று வாரம் முன்பே மூட வேண்டும், அதாவது அக்டோபர் 18. பதிவுகள் அதற்கும் ஐந்து வாரம் முன்னால், செப்டம்பர் 13-இல் தொடங்க வேண்டும். மூடும் தேதியை முதல் பதிவிலேயே போடுங்கள். தேதி இல்லாத விளம்பரத்துக்குக் கடைசி வாரத்தில்தான் கூட்டம் வரும், தூக்கமும் போய் தையலும் கெடும். ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் கல்யாண ஆர்டர் குறையும். வகுப்பு நடத்த அதைவிட நல்ல மாதம் இல்லை.

விலையும் வாட்ஸ்அப்பும்

'பி.எம். தெப்பி'யை விட்டுவிடுங்கள். இணையத்தில் விற்பவர் விலையை வெளிப்படையாகப் போட வேண்டும் என்பது மலேசியச் சட்டம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விலை கேட்கக் கூச்சப்படுகிற பெண் கேட்காமலே போய்விடுவார், அதுதான் பெரிய நட்டம். லைனிங் இல்லாமல் எவ்வளவு, லைனிங்கோடு எவ்வளவு, பைப்பிங்குக்கு எவ்வளவு கூடுதல் என்று மூன்று வரி போதும். தொழிலை எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையத்தில்) பதிந்து, பதிவெண்ணையும் பக்கத்தில் போடுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயரில் 60 வெள்ளி.

வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில் ஒன்று இப்படி எழுதி வையுங்கள்:

'அக்கா, பிளவுஸ் தைக்க எவ்வளவு?'
'வணக்கம்மா. லைனிங்கோட இவ்வளவு, 10 நாள்ல கிடைக்கும். நல்லா பொருந்துற பழைய பிளவுஸ் ஒண்ணு சேர்த்துக் கொடுங்க, அதையே அளவுக்கு வெச்சுக்கறேன். எங்க பதிவை எங்கே பார்த்தீங்கம்மா?'

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பதிலை ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள்: முகநூல், டிக்டாக், யாரோ சொன்னது. இதயக்குறி எண்ணிக்கை சொல்லாததை இந்த நோட்டு சொல்லும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் ஆர்டரைக் கையில் கொடுக்கும்போதே 'என் நம்பரை சேவ் பண்ணிக்குங்கம்மா' என்று சொல்லிவிடுங்கள்.

பணத்துக்கு டூயிட்நவ் கியூஆர் (வங்கிச் செயலியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் குறியீடு). அனுப்பிய ரசீதுப் படத்தை மட்டும் பார்த்துத் துணியைக் கொடுத்துவிடாதீர்கள், படத்தை யாரும் மாற்றலாம். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்கப் பின் வையுங்கள். கணக்கு பறிபோனால் உங்கள் பெயரில் ஊர் முழுக்கக் கடன் கேட்பார்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள்.

வகுப்பு

ஒரு தொகுப்புக்கு 8 பேர், 4 வாரம். அதற்குமேல் சேர்த்தால் வீட்டுப்பாடம் பார்க்கவே நேரம் பற்றாது, திருத்தம் இல்லாத வகுப்புக்கு யாரும் மறுபடி வரமாட்டார்கள்.

ஞாயிறு இரவு 8 நிமிடக் காணொளி வாட்ஸ்அப் குழுவில். யூடியூப்பில் 'பட்டியலிடாதது' என்று ஏற்றி இணைப்பு கொடுத்தால் மாணவியின் கைப்பேசி நிறையாது. இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்பது அதன் குறை, ஆகையால் தொகுப்பு முடிந்து ஒரு மாதத்தில் தனிப்பட்டதாக மாற்றிவிடுங்கள். புதன் இரவு 8.30-க்கு நேரலை. இலவச ஸூம் 40 நிமிடத்தில் துண்டிக்கும், கூகுள் மீட் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 60 நிமிடம். எதுவானாலும் பாடத்தை 35 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள், கேள்விக்கு நேரம் மிஞ்சும்.

முதல் வாரத்திலேயே பாதிப் பேர் பின்தங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் துணி வாங்காததுதான். வகுப்புக்கு ஐந்து நாள் முன்னால் பட்டியல் போக வேண்டும்: வெள்ளைக் காட்டன் 1 மீட்டர், பழுப்புப் பேப்பர் இரண்டு, இன்ச் டேப், துணியில் குறிக்கும் சாக், சிவப்பு நூல், நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸ். சிறு கட்டணம் வாங்கிப் போஸ் லாஜு அஞ்சலில் நீங்களே அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. கூடவே, 'உங்க மிஷினில் ஒரு சாண் நேர்த்தையல் போட்டு இரண்டு பக்கமும் படம் அனுப்புங்க' என்று கேளுங்கள். அடிப்பக்கம் நூல் சுருண்டு கிடந்தால் மேல்நூல் இழுவிசை சரியில்லை, அல்லது மேல்நூல் சரியாகக் கோக்கப்படவில்லை. பாடத்துக்கு முன்பே அதைத் தீர்த்துவிடலாம்.

வீட்டுப்பாடத்துக்கு மூன்று படம்: முன்பக்கம், பின்பக்கம், உள்தையல். தரையில் விரித்து, ஓரத்தில் இன்ச் டேப் வைத்து, மேலிருந்து எடுக்க வேண்டும். டேப் இல்லாத படத்தில் கைக்குழி 7 அங்குலமா 8 அங்குலமா என்று உங்களால் சொல்ல முடியாது. படத்தின் மீதே கைப்பேசிப் பேனாவால் பிழையைச் சிவப்பில் வட்டமிட்டு, ஒரு நிமிடத்துக்கு மிகாத குரல் பதிவோடு திருப்பி அனுப்புங்கள். முதலில் சரியாக வந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிழைக்குப் போங்கள். பிழையும் ஒரே ஒன்று. ஐந்தைச் சொன்னால் மிஷினை மூடி வைத்துவிடுவார்.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். பிளவுஸ் போட்டுக்கொண்டு எடுத்த படத்தை மாணவியிடமும் வாடிக்கையாளரிடமும் கேட்காதீர்கள், அனுப்பினால் அழித்துவிடுங்கள். அளவைப் பழைய பிளவுஸில் எடுக்கச் சொல்லிக்கொடுங்கள். எல்லாரும் எல்லாரையும் தெரிந்த ஊர் இது, ஒரு படம் கைமாறினால் ஒரு பெண்ணின் நிம்மதி போய்விடும். வாடிக்கையாளர் முகத்தோடு படம் போட வேண்டுமென்றால் 'போடலாமா?' என்று எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு போடுங்கள்.

நான்காம் வாரம் மாணவி முதல் வாரம் தைத்ததையும் கடைசியில் தைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து ஒரே படமாக எடுக்கச் சொல்லுங்கள். முகம் வேண்டாம், இரண்டு கழுத்து வளைவு மட்டும். அனுமதி வாங்கி, அடுத்த தொகுப்புக்கான அறிவிப்பில் அதை முதல் படமாக வையுங்கள். கீழே தொடங்கும் தேதி, கட்டணம், மீதமுள்ள இடம்.